பெயர் யார் பேரில் இருக்கிறது?

டொமைன் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது, டாட் காம் நல்லதா, டாட் இன் நல்லதா என்று. கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு: ‘இது யார் பேரில் பதிவாகும்?’ ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கால் நூற்றாண்டுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என்னிடம் வந்த வம்பு வழக்குகளில் பாதிக்கு மேல், அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதால் வந்தவை.

தென்காசி ரோட்டில் பிரவுசிங் சென்டராகத்தான் ஆரம்பித்தேன். 1990-களின் கடைசி அது. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்றே பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டாலும், எங்கள் பக்கம் அது வந்துசேரச் சில வருஷம் ஆனது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளைகள். மீதி, மில் ஆபீஸ்களில் ஏற்றுமதியைக் கவனித்தவர்களும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர்களும். அவர்கள் விசிட்டிங் கார்டில் ஹாட்மெயில் அல்லது யாகூ முகவரிதான் இருக்கும். கண்காட்சிக்குப் போய்வந்த ஒருவரிடம் அங்கே வந்த வெளிநாட்டு வியாபாரி, ‘கம்பெனி பெயரில் மெயில் இல்லையா?’ என்று கேட்டுவிட்டார். அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. ஊருக்கு வந்ததும் நேரே என்னிடம்தான் வந்தார். அவருக்காகத்தான் நான் டொமைன் பற்றிப் படிக்கவே தொடங்கினேன்.

அந்தக் காலத்தில் டாட் இன் வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. 1989 மே 8 அன்று இந்தியாவுக்கென்று அந்த ஈரெழுத்து ஒதுக்கப்பட்டது. மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் அதைக் கவனித்துக்கொண்டது. கேட்டதும் கொடுக்கிற ஏற்பாடு இல்லை. இந்தியாவில் பதிவான நிறுவனம் என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும். கிடைப்பதும் பெரும்பாலும் டாட் கோ டாட் இன்தான். எங்கள் ஊர்த் தொழில்களில் பெரும்பாலானவை அண்ணன் தம்பிகள் கூட்டாக நடத்துபவை, இல்லையென்றால் அப்பா பேரில் இருக்கும் கடை. பிரைவேட் லிமிடெட் காகிதத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? 1992 முதல் 2004 வரை நாடு முழுக்கச் சேர்த்தே டாட் இன்னில் பதிவான பெயர்கள் ஏறத்தாழ 7,000 தான். 100 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில்! ஆகவே எல்லோரும் டாட் காம் பக்கம் போனோம்.

அதற்கும் வழி சுலபமில்லை. பணம் டாலரில் கட்ட வேண்டும். கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் ஊரில் மிகக் குறைவு. பேங்கில் டிடி எடுத்து, மும்பையில் இருந்த ஒரு ரீசெல்லருக்கு கூரியரில் அனுப்புவோம். அது போய்ச் சேர்ந்து, பணமாகி, அவர் பெயரைப் பதிவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். அந்த ஒரு வாரத்தில் பெயர் கைமாறிப்போன சம்பவம் நடந்திருக்கிறது. பேண்டேஜ்காரர் ஒருவர் தாத்தா பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு பெயர் தேர்ந்தெடுத்திருந்தார். டிடி வழியில் இருந்தபோதே அமெரிக்காவில் யாரோ அதைப் பதிந்துவிட்டார். அவரைத் தேற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முந்தியவருக்கே பெயர் என்பதுதான் இதில் அடிப்படை விதி என்பதை அன்றைக்கு அவரும் நானும் சேர்ந்து கற்றுக்கொண்டோம்.

2005-இல் கதவு திறந்தது. நிக்ஸி என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் இந்தியா 2003-இல் தொடங்கப்பட்டிருந்தது. டாட் இன் நிர்வாகம் அதன் கைக்கு வந்தது. 2005 ஜனவரியில் டிரேட்மார்க் வைத்திருந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். பிப்ரவரி 16 முதல் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றானது. நிறுவனக் காகிதம் தேவையில்லை. வெளிநாட்டில் இருப்பவரும் வாங்கலாம். ரூபாயில் கட்டலாம். அந்த வாரம் வாடிக்கையாளர்கள் சொல்லிவைத்த பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இரவு கடை சாத்தாமல் உட்கார்ந்திருந்தேன். 2010 மார்ச்சில் நாடு முழுக்க டாட் இன் பெயர்கள் 6 லட்சத்தைத் தாண்டின. அடுத்த ஆண்டே 10 லட்சம். இப்போது 40 லட்சத்துக்கு மேல். காகிதம் கேட்பதை நிறுத்தியதும் ஒரு துறை எப்படி வளர்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். கல்லூரிகளின் டாட் ஏசி டாட் இன், அரசின் டாட் ஜிஓவி டாட் இன் போன்ற சில மட்டும் இன்றைக்கும் காகிதத்தோடுதான். அது நியாயம். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியின் முகவரியைப் பார்க்கிற பெற்றோர், அந்த ஏசி என்ற இரண்டெழுத்தை நம்பலாம். அங்கீகாரக் கடிதம் இல்லாமல் அது கிடைக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரம் தனிப் பாடம். பால்கோவாக் கடைக்காரர்கள் டொமைன் கேட்டு வந்தால் ஊர்ப் பெயரைச் சேர்த்துத்தான் கேட்பார்கள். கேட்காமல் எப்படி இருப்பார்கள்? 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு முன்பே ஊர்தான் அந்த இனிப்பின் அடையாளம். சிக்கல் என்னவென்றால், ஆங்கிலத்தில் அந்த ஊரை எப்படி எழுதுவது என்பதில் ஊருக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. ரயில்வே போர்டில் ஒரு விதம், பேங்க் பாஸ்புக்கில் ஒரு விதம், கல்யாணப் பத்திரிகையில் இன்னொரு விதம். ‘புத்தூர்’ என்பதில் இரண்டு டி போடுவாரும் உண்டு, டி எச் போடுவாரும் உண்டு. கடைசியில் ஒரு யு, அல்லது இரண்டு ஓ. சென்னையில் இருக்கிற வாடிக்கையாளர் போனில் கேட்டு டைப் செய்யும்போது எதை அடிப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஊர்ப் பெயரை டொமைனில் வைக்காதீர்கள், கடைப் பெயரை மட்டும் சின்னதாக வையுங்கள் என்பேன். கேட்காவிட்டால், மூன்று விதமான எழுத்துக்கூட்டலையும் வாங்கி ஒன்றுக்குத் திருப்பிவிடுவேன். வருஷச் செலவு கூடும். அதை விட, பக்கத்துக் கடைக்குப் போகும் ஆர்டரால் வரும் நஷ்டம் அதிகம்.

இப்போது நான் முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு இனிப்புக் கடை. வெப்சைட் செய்து கொடுத்தது படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பையன். நல்ல பையன், கைத்திறமைக்காரன். டொமைனைத் தன் மெயிலில், தன் போன் நம்பரில், தன் பேரிலேயே பதிந்திருந்தான். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. கடைக்காரருக்கு மெயிலே கிடையாது, அவனும் என்ன செய்வான்? பிறகு அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. போன் நம்பர் மாறியது. ரினியூவல் நினைவூட்டல்கள் அவன் பார்க்காத மெயிலுக்குப் போய்க்கொண்டே இருந்தன. தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒருநாள் காலை, கடையின் பக்கத்தைத் திறந்தால் வேறு ஏதோ விளம்பரம் வந்தது.

கடைக்கார அண்ணாச்சி என் கடைக்கு வந்த கோலம் இன்றும் கண்ணில் நிற்கிறது. “தம்பி, கடை என்னுது, பேரு எங்க அப்பா வச்சது. அதை எப்படிய்யா இன்னொருத்தன் எடுக்க முடியும்?”

“யாரும் இன்னும் எடுக்கலை அண்ணாச்சி. தேதி முடிஞ்சிருக்கு, அவ்வளவுதான். பதிவுல உங்க பேரு இல்லை. அதனால நாம பணம் கட்டுனாலும் சாவி நம்ம கைக்கு வராது.”

உட்காரவைத்து விளக்கினேன். தேதி முடிந்ததும் பெயர் உடனே பறிபோகாது. சில வாரங்கள் சலுகைக் காலம் உண்டு, அப்போது வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அது தாண்டினால் 30 நாள் ரிடெம்ப்ஷன். மீட்கலாம், ஆனால் கட்டணம் பல மடங்கு. அதுவும் தாண்டினால் ஐந்து நாள் நீக்கக் காத்திருப்பு, அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு பெயர் சந்தைக்கு வந்துவிடும். அந்த நிமிஷத்துக்காகவே கம்ப்யூட்டர் புரோகிராம் வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கூட்டம் வருகிற பெயர் என்றால் விநாடியில் போய்விடும். அண்ணாச்சியின் பெயர் அப்போது ரிடெம்ப்ஷனில் இருந்தது.

பையனின் அம்மா மம்சாபுரத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, அவர் வழியாகப் புது நம்பர் வாங்கி, அவனைப் பிடித்தோம். பதறிப்போனான். பழைய மெயிலின் பாஸ்வேர்டை மீட்பதற்கே இரண்டு ராத்திரி ஆனது. மீட்புக் கட்டணத்தை அண்ணாச்சி கட்டினார். பெயர் உயிர் பெற்றதும் முதல் வேலையாகப் பதிவில் இருந்த பெயரையும் மெயிலையும் மாற்றினோம். பிறகு பெயரை இடம் மாற்றத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோடு வாங்கி, அண்ணாச்சியின் சொந்தக் கணக்குக்கு மாற்றினோம். வீட்டைக் கட்டிய கொத்தனார் பேரில் பட்டா இருந்தது போன்ற நிலைமை அது. அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளருக்கு மெயில் இல்லையென்றால் முதலில் அவர் போனிலேயே, அவர் கண் முன்னால் ஒன்று திறப்பேன். அதன் பிறகுதான் டொமைன். டாட் இன்னில் உரிமையாளர் பெயரை மறைத்து இடைத்தரகர் பெயரைப் போடும் சேவைக்கு அனுமதி இல்லை என்பது இதில் நமக்கு நல்லதுதான். உண்மையான பெயர் ஏறியாக வேண்டும்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். போகலாம். சத்யம் இன்ஃபோவேக்கும் சிஃபிநெட் என்ற நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2004-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. டிரேட்மார்க்குக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று அதில் நிலைநாட்டப்பட்டது. டாட் இன்னுக்கென்றே ஐஎன்டிஆர்பி என்ற தீர்வுமுறை இருக்கிறது. நடுவர் விசாரித்து, கெட்ட எண்ணத்தோடு பதிந்திருக்கிறார்கள் என்று கண்டால் பெயரைத் திருப்பித் தரச் சொல்வார். பெரிய நிறுவனங்களுக்கு அது உதவுகிறது. ஆனால் ரதவீதியில் கடை வைத்திருப்பவருக்கு அதன் செலவும் காத்திருப்பும் கட்டுப்படியாகாது. டிரேட்மார்க்கும் அவரிடம் இருக்காது. அவருக்கு உள்ள ஒரே பாதுகாப்பு, பதிவில் தன் பெயர் இருப்பதுதான்.

பயமுறுத்தி விற்கிறவர்களும் உண்டு. ஏற்றுமதியாளர்களுக்குப் பல வருஷமாக ஒரே மாதிரி மெயில் வந்துகொண்டிருக்கிறது. ‘சீனாவில் ஒரு கம்பெனி உங்கள் பெயரை டாட் சிஎன்னில் பதிய விண்ணப்பித்திருக்கிறது, உங்கள் சம்மதத்தோடுதானா, உடனே பதில் சொல்லுங்கள்’ என்று. பதில் போட்டால் அவர்களே அந்தப் பெயர்களைக் கொள்ளை விலைக்கு நம் தலையில் கட்டுவார்கள். விண்ணப்பித்த கம்பெனி என்று ஒன்று இருக்கவே இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

இதை விட மோசமானது ஓரெழுத்து மோசடி. பேண்டேஜ் ஏற்றுமதி செய்யும் ஒருவரின் டொமைனில் ஆங்கில எம் எழுத்து வரும். எம்முக்குப் பதிலாக ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் சின்ன எழுத்தில் பார்க்க அச்சு அசல் எம் போலவே இருக்கும். அப்படி ஒரு பெயரை யாரோ பதிந்து, அதிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது’ என்று மெயில் அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் பகுதி, லோகோ, பழைய பில் நம்பர் எல்லாம் சரியாக இருந்தன. முன்பே யாருடைய மெயில் பெட்டிக்குள்ளேயோ புகுந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறார்கள். சரக்கு போய்ச் சேர்ந்தது, பணம் வேறு எங்கோ போய்விட்டது. அந்தப் பணம் திரும்ப வரவில்லை. அதன் பிறகு என் ஏற்றுமதி வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருக்கிறேன்: கணக்கு மாற்றம் எதுவாக இருந்தாலும் போனில் பேசி உறுதிசெய்யாமல் நடக்காது என்பதை முதல் பில்லிலேயே அச்சடித்துவிடுவது.

தமிழ் முகவரி பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. இணையப் பெயர்கள் தமிழிலும் வர வேண்டும் என்ற முயற்சி 1990-களின் கடைசியில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினரிடம் தொடங்கியது. 2007-இல் சோதனைக்காக ‘உதாரணம்.பரிட்சை’ என்ற முகவரியே இயங்கியது. அதை முதலில் திறந்து பார்த்த அன்று நான் பட்ட சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல. பிறகு .இலங்கை வந்தது, .சிங்கப்பூர் வந்தது, .இந்தியா வந்தது. 2014 ஆகஸ்ட் 27 அன்று தேவநாகரியில் .பாரத் பதிவு தொடங்கியது, தமிழ் உள்ளிட்ட மற்ற எழுத்துகள் அதன் பின்னால் வந்தன. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும் தொல்லை ஒழிந்தது, இனி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தமிழிலேயே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

அங்கேயும் ஒரு முடிச்சு இருந்தது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம். ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005-இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. ஸ்ரீ, ஶ்ரீ. பல போன்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு முகவரிகள். கடைக்காரர் போனில் ஒரு கீபோர்டு, வாடிக்கையாளர் போனில் வேறு கீபோர்டு. ஒருவர் வாங்கிய பெயரை அடுத்தவர் அடித்தால் ‘அப்படி ஒரு தளம் இல்லை’ என்று வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று, இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பில் இந்திய எழுத்துகளுக்கு விதி வகுத்த குழு குறித்திருக்கிறது. ஆனால் அது .இந்தியா போன்ற மேல்நிலைப் பெயர்களுக்கான விதி. இதோடு இன்னொரு தொல்லை: தமிழ் முகவரியை எங்காவது ஒட்டினால் சில இடங்களில் எக்ஸ் என் என்று தொடங்கி, இரண்டு சின்னக் கோடுகளோடு, புரியாத எழுத்து வரிசையாக மாறிவிடும். பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார். பல விண்ணப்பப் படிவங்கள் தமிழ் மெயில் முகவரியை இன்றும் ஏற்பதில்லை. என் வாடிக்கையாளர்களில் தமிழ்ப் பெயர் வாங்கியவர்களும் ஆங்கிலப் பெயரைத் துணைக்கு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். வாங்குகிறவர்கள் கூடினால்தான் படிவம் செய்கிறவர்கள் திருத்துவார்கள்.

2016-க்குப் பிறகு தொழில் சுருங்கியது. டேட்டா மலிவானது. தளவாய்புரத்தில் நைட்டி தைத்து விற்பவர்கள் வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் எடுத்தார்கள். ‘வெப்சைட் எதுக்கு, ஃபேஸ்புக் பக்கம் போதும்’ என்று டொமைனைக் கைவிட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலர் பக்கம் முடங்கியபோது முறையிட ஆள் இல்லாமல் திரும்பி வந்தார்கள். பழைய டொமைன் அதற்குள் வேறொருவர் கையில் இருந்தது.

இப்போது இளைஞர்கள் வந்து டாட் ஏஐ கேட்கிறார்கள். அது கரீபியன் கடலில் உள்ள அங்குயில்லா தீவின் நாட்டுக் குறியீடு. தீவின் மக்கள்தொகை ராஜபாளையத்தின் சில வார்டுகளுக்குக்கூடக் காணாது. 2023-இல் அந்த அரசின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த ஈரெழுத்திலிருந்து வந்தது. துவாலு தீவு நாடு டாட் டிவியால் சம்பாதித்ததும் இதே கதை. விலை அதிகம், விதி எழுதுவது வேறொரு அரசு. பஞ்சு வியாபாரத்துக்கு அது எதற்கு என்று கேட்டு, டாட் இன் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

நாட்டுக் குறியீட்டின் மதிப்பை அரசே உணர்ந்திருக்கிறது என்பதற்கு அண்மைச் சான்று பேங்க் டாட் இன். போலி வங்கித் தளங்களை ஒழிக்க, 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் முகவரியை அதற்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நகரக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி வரை எல்லோருக்கும் அது பொருந்தும். பதிவு செய்யும் அதிகாரம் ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி ஒன்றுக்கு மட்டும். வங்கி அல்லாதவர்கள் காசு கொடுத்தாலும் அந்தப் பெயர் கிடைக்காது. மாற்றம் நடந்த வாரங்களில், ‘பேங்க் முகவரி மாறியிருக்கே, போலியா?’ என்று கேட்டு எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள், முடிந்தால் நம்பலாம் என்றேன். முகவரியின் கடைசித் துண்டைப் படிக்க ஊருக்குக் கற்றுக்கொடுக்க அது நல்ல வாய்ப்பாக இருந்தது.

உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ ஒரு டொமைன் இருந்தால், இன்று மாலையே அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். பொதுத் தேடலில் இப்போது நிறைய விவரங்களை மறைத்துவிடுகிறார்கள், ஆகவே உள்ளே நுழைந்துதான் பார்க்க முடியும். பதிவில் இருக்கும் பெயர் உங்களுடையதா, மெயில் நீங்கள் திறக்கிற மெயிலா, ஓடிபி வருகிற போன் உங்கள் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். டாட் இன்னைப் பத்து வருஷம் வரை சேர்த்தே கட்டி வைக்கலாம், வசதி இருந்தால் கட்டிவிடுங்கள். பெயர் வேறொருவர் கணக்கில் இருந்தால், செய்து கொடுத்தவர் உங்களோடு நல்ல முகமாக இருக்கும்போதே, அவர் ஊரில் இருக்கும்போதே, கேட்டு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.